நடந்தால் மட்டும் போதுமா? வயதானவர்கள் விழாமல் இருக்க என்ன பயிற்சி?

"அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். எலும்பு முறிவு எதுவும் இல்லை. தினமும் அரைமணி நேரம் நடக்கிறார். இனிமேல் நடப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கச் சொல்லலாமா, இல்லை விழாமல் இருக்கப் பயிற்சி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறைக்கச் சொல்லாதீர்கள். அதேபோல, தினமும் நடக்கிறாரே, அது போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. விழாமல் காப்பாற்றுகிற வேலையை மட்டும் அது தனியாகச் செய்வதில்லை. அதற்கு வேறு மாதிரிப் பயிற்சி வேண்டும். உடம்பு லேசாகத் தள்ளாட வேண்டும், தள்ளாடியதைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் கெட்டியான பிடிமானம் இருக்க வேண்டும். தள்ளாட்டமே இல்லாத பயிற்சியில் சமநிலை வளராது. பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருடத்தில் வீட்டாருக்குப் புரியவைக்க நான் அதிகம் பாடுபட்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பாசம் மிகுந்த பிள்ளைகள் அம்மாவைத் தள்ளாடவே விடுவதில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீரைக்கூடக் கையில் கொண்டுவந்து கொடுத்து, ஆறே மாதத்தில் எழுந்திருக்கவே ஆள் கை கொடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு முன்னால் ஒன்று. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். ஆகவே ஒரு தடவை விழுவது அபூர்வம் அல்ல. ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு முறை என்பதை "கால் இடறிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் போங்கள். சாப்பிடுகிற மாத்திரை அத்தனையையும், எப்போதாவது போட்டுக்கொள்ளும் தூக்க மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். தூக்க மாத்திரையும் மனப்பதற்ற மாத்திரையும் விழுவதற்குப் பேர்போனவை. படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எழுந்து நின்றதும் ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் முதலில் அதற்குத்தான் வழி பார்க்க வேண்டும். கண்ணில் புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முதல் கண்ணைச் செய்துகொண்டதுமே விழுவது குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. படுக்கையில் புரளும்போது சில நொடிகள் அறையே சுற்றுகிறது என்றால், அது பெரும்பாலும் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியதால் வருவது. தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்கிற சிகிச்சை இருக்கிறது. ஒரு மாதப் பயிற்சியில் தீராததை அது பல பேருக்கு ஒரே அமர்வில் தீர்த்துவிடும்.

வைட்டமின் டி பற்றியும் கேட்பீர்கள். அந்த மாத்திரை விழுவதைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பெரிய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. குறைபாடு இருந்தால் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான்.

சரி, நடை ஏன் போதாது? வயதானவர்கள் எப்படி விழுகிறார்கள் என்று பார்த்தால் விளங்கும். விழுந்தவரைக் கேட்டால் "வழுக்கிவிட்டது" என்பார், ஏனென்றால் விழுந்த நொடி யாருக்கும் சரியாக நினைவிருப்பதில்லை. கனடாவில் இரண்டு முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமரா வைத்து, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தது 3 சதவீதம்தான். தடுக்கி விழுந்தது 21 சதவீதம். முதலிடத்தில் இருந்தது வேறு ஒன்று, 41 சதவீதம்: உடம்பின் பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றும்போது கணக்குத் தப்பிப்போவது. திரும்பும்போது, எதையோ எட்டி எடுக்கும்போது, உட்காரப் போகும்போது, சும்மா நின்றுகொண்டிருக்கும்போதுகூட.

அம்மா தினமும் ஒரே பாதையில், சமதரையில், ஒரே வேகத்தில், நேராக நடக்கிறார். அதில் பாரம் முன்னால் மட்டுமே போகிறது. பக்கவாட்டில் போவதில்லை, பின்னால் போவதில்லை, திடீரென்று நிற்பதில்லை. நன்றாகத் தெரிந்த பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுகிற மாதிரி. போதாததற்கு, ஏற்கெனவே தடுமாறுகிறவர்களை விறுவிறுவென்று நடக்கச் சொல்வதில் ஆபத்தும் இருக்கிறது. கை எலும்பு முறிந்து தேறிய பெண்களை வேகநடை நடக்கவைத்துப் பார்த்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் (1997), நடந்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக விழுந்தார்கள். ஆகவே அம்மா நடக்கட்டும், ஆனால் "இன்னும் வேகமாக" என்று துரத்தாதீர்கள்.

பயிற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பில் 108 ஆய்வுகள், 23,407 பேர், சராசரி வயது 76. பயிற்சி செய்தவர்கள் விழுந்த எண்ணிக்கை 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப்பயிற்சியும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 34 சதவீதம். தனியாக நடை, தனியாக எடைப் பயிற்சி, நடனம் ஆகியவை விழுவதைக் குறைக்கின்றன என்று சொல்ல அதில் ஆதாரம் போதவில்லை. இன்னொரு தொகுப்பாய்வு இதையே வேறு பக்கத்திலிருந்து பார்த்தது: சமநிலைக்குச் சவால் விடுகிற பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செய்த குழுக்களில் விழுவது 39 சதவீதம் குறைந்தது. "சவால்", "மூன்று மணி நேரம்" என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையைக் காலை ஆட்டுகிற வகுப்புகளில் முதலாவது கிடையாது. வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் செய்துவிட்டு "பயிற்சி செய்துதான் பார்த்தோம்" என்பவர்களிடம் இரண்டாவது கிடையாது.

சமநிலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயிற்சிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளைக்கு மூன்று பேர் சேதி சொல்கிறார்கள்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும். மூன்று சேதியையும் கோத்து, எந்தத் தசையை எவ்வளவு இழுப்பது என்று மூளை முடிவுசெய்கிறது. வயதாக ஆக மூவருமே கொஞ்சம் மந்தமாகிறார்கள். சர்க்கரை நோய் நீண்ட காலம் இருந்தால் பாதத்தின் சேதி ரொம்பவே மங்கிவிடும். அப்போது பாரம் முழுவதும் கண் மேல் விழுகிறது. ஒருமுறை 81 வயதுப் பாட்டி ஒருவரைச் சுவரோரம் நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னேன். மூடின வேகத்தில் திறந்துவிட்டு, "ஏம்மா, கண்ணை மூடினா தரை ஏன் ஓடுது?" என்று கேட்டார். தரை ஓடவில்லை, இத்தனை நாளும் அவரை நிறுத்திவைத்திருந்தது கண் மட்டும்தான் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ராத்திரி விளக்குப் போடாமல் எழுந்து போகும்போதும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் இப்படிப்பட்டவர்கள் விழுவது இதனால்தான். இந்தக் கண்மூடிச் சோதனைக்கு ரோம்பெர்க் என்ற 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது.

சேதி சரியாக வந்தாலும் போதாது. சாய்ந்த உடம்பைத் தாங்கத் தசை வேண்டும்; அதுவும் உடனே. தசையின் வலுவைவிட அது வேலை செய்யும் வேகம்தான் வயதில் சீக்கிரம் குறைகிறது. தடுக்கிய காலுக்குப் பதில் இன்னொரு காலைச் சட்டென்று முன்னே வைக்கிறோமே, அந்த ஒரு எட்டு தாமதமானால் விழுகிறோம். தனக்குத்தானே எட்டு வைத்துத் தப்பிக்கிற அந்தத் திறமையைப் பயிற்சியால் கூட்டமுடியும்.

அம்மா இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். இரண்டே சோதனை. நீங்கள் அருகில் நிற்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. முதலாவது, நிற்கும் சோதனை. கால்களைச் சேர்த்துவைத்து 10 நொடி. முடிந்தால், ஒரு பாதத்தைப் பாதி முன்னே நகர்த்தி, அதன் உட்பக்கம் மற்றக் காலின் பெருவிரலை ஒட்டி நிற்கும்படி வைத்து 10 நொடி. அப்புறம் ஒரு காலுக்கு நேர் முன்னால் மற்றக் கால், குதிகால் விரல்நுனியைத் தொட்டபடி, 10 நொடி. கடைசியாக ஒற்றைக்காலில் 10 நொடி. மூன்றாவது நிலையில் 10 நொடி நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். இரண்டாவது, நாற்காலிச் சோதனை. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்ணுக்கு 10க்குக் கீழே, ஆணுக்கு 12க்குக் கீழே போனால் கால்வலு போதாது. கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொடங்கும் இடம் அதுதான்.

இன்னொன்று, சோதனை என்று தெரியாமலே பார்க்கலாம். கூட நடந்துகொண்டே ஏதாவது கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா? 1997இல் ஸ்வீடனில் ஒரு குழு இதை மட்டும் கவனித்தது. பேச்சு ஆரம்பித்ததும் நின்றுவிட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஆறு மாதத்துக்குள் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது, மிச்சம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இனி பயிற்சி. இடம்: சமையல் மேடை, அல்லது நகராத கனமான மேஜை. நாற்காலியின் முதுகைப் பிடித்துச் செய்யவே வேண்டாம், அது கவிழும். பின்னால் ஒரு நாற்காலி போட்டுவையுங்கள், உட்கார வேண்டும் போலிருந்தால் உட்காரலாம். காலில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. வெறுங்கால், இல்லையென்றால் பின்பக்கம் மூடிய, பிடிப்புள்ள காலணி.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிடி. அம்மாவை மேடையைப் பார்த்து நிற்கச் சொல்லி, கையை எப்படி வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். பயந்தவர் விளிம்பை இறுகப் பற்றியிருப்பார்; விரல் கணு வெளுத்திருக்கும், தோள் காது வரை ஏறியிருக்கும். அந்தப் பிடியில் ஒற்றைக்காலில் அரைமணி நேரம் நின்றாலும் பலனில்லை, நிற்பது கைதான். முதல் வாரம் உள்ளங்கையை மேடைமேல் விரித்துவைக்கட்டும். அடுத்து விரல்கள் மட்டும். அப்புறம் ஒரு கையின் விரல்கள். அதற்கப்புறம் ஒரே ஒரு விரல், நுனி மட்டும் தொட்டபடி. கடைசியில் கை மேடைக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில், தொடாமல். இந்தப் படிகளில் இறங்குவதுதான் பயிற்சி, மற்றதெல்லாம் வடிவம்தான். ஒரு விரல்நுனிக்கு வந்ததும் கணுக்காலைப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அம்மா பயந்து "ஆடுதே" என்பார். ஆடட்டும். கணுக்கால் கற்றுக்கொள்வது அப்படித்தான். ஆட்டமே இல்லாமல் தூண் மாதிரி நின்றால் பயிற்சி சுலபமாகிவிட்டது, அடுத்த படிக்குப் போக வேண்டும். கையைப் போட்டு மேடையைப் பற்ற வேண்டியிருந்தால் கடினம், ஒரு படி திரும்ப வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் குறுகிய இடத்தில்தான் வேலை.

என்னென்ன செய்வது? மேலே சொன்ன நான்கு நிலைகளில் எது 10 நொடிக்கு இழுபறியாக இருக்கிறதோ அதிலிருந்து ஆரம்பியுங்கள். மேடையோரமாகப் பக்கவாட்டில் பத்து எட்டு, திரும்பப் பத்து எட்டு. இடுப்பின் வெளிப்பக்கத் தசை இதில்தான் வலுப்பெறும். பக்கவாட்டில் சரிந்து விழுந்தால்தான் இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்பதால் இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிறகு அடி மேல் அடி வைத்து ஒரு நேர்கோட்டில் நடப்பது. பின்னோக்கி நடப்பது. எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் வளைந்து நடப்பது. திரும்பும்போது தடுமாறுகிறவர்களுக்கு இது கைகண்ட பயிற்சி. குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பது, அப்புறம் முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. பிந்தையதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதத்தை மேலே தூக்குகிற முன்னங்கால் தசை தளர்ந்தால்தான் விரல்நுனி தரையில் தட்டுகிறது, மிதியடி ஓரத்தில் மாட்டுகிறது.

வலுவுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை மிஞ்ச ஒன்றுமில்லை. கையை ஊன்றாமல், பத்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. முடியவில்லை என்றால் உயரமான நாற்காலி, அல்லது இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். வாரங்கள் போகப்போக உயரத்தைக் குறையுங்கள். ஒரு நுணுக்கம்: எழும்போது வேகமாக, உட்காரும்போது மெதுவாக, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டு. பொத்தென்று விழுகிற மாதிரி உட்கார்ந்தால் பாதிப் பயிற்சி வீண். முதுகெலும்பு தேய்ந்தவர்களுக்கு அது நல்லதும் அல்ல. இது சுலபமான பிறகு கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை, ஒரு கிலோவில் தொடங்கலாம்.

நான் சொன்னவற்றில் பெரும்பகுதி நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான திட்டத்திலிருந்து வந்தது. ஒட்டாகோ பயிற்சி என்றே அதற்குப் பெயர். முதலில் 80 வயதைக் கடந்த பெண்களிடம்தான் அதைச் சோதித்தார்கள். "இந்த வயதில் என்ன பயிற்சி" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். பயிற்றுநர் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுப்பார், அப்புறம் சிலமுறை வந்து கடினத்தைக் கூட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் தானாகவே வாரம் மூன்று முறை அரைமணி நேரம், கூடவே வாரம் இரண்டு முறை நடை. அந்தத் திட்டத்தின் நான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மொத்தம் 1,016 பேர், விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது.

இன்னொரு வழி தாய்ச்சி. மெதுவாக, முழங்காலை லேசாக மடக்கியபடி, பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றதுக்குக் கவனமாக மாற்றிக்கொண்டே செய்கிற சீனக் கலை. கேமராவில் கண்ட அந்த 41 சதவீதத்தை நினைத்துப் பாருங்கள். பாரத்தை மாற்றுவதே இதன் உயிர். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில் 70 வயதைக் கடந்த 670 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் முந்தைய வருடத்தில் விழுந்தவர்கள், இல்லையென்றால் நடமாட்டத்தில் சிரமம் உள்ளவர்கள். சமநிலைக்கென்றே திருத்தி அமைத்த தாய்ச்சியை வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு மணி நேரமாக, 24 வாரம் செய்தவர்கள், தசைநீட்டல் மட்டும் செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். வலு, நடை, சமநிலை எல்லாம் கலந்த வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 40 சதவீதம். நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருந்தால், கூட்டாகச் செய்வது அம்மாவுக்குப் பிடிக்கும் என்றால், இதையே தேர்ந்தெடுக்கலாம். யோகா செய்கிறார் என்றால் தொடரட்டும், ஆனால் தரையில் உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் ஆசனங்கள் இந்தக் கணக்கில் சேராது. விருட்சாசனம் போல நின்று செய்வதுதான் சேரும், அதையும் மேடையோரத்தில்.

"அம்மாவுக்குப் பயிற்சி என்றாலே எரிச்சல், இரண்டு நாள் செய்துவிட்டு விட்டுவிடுவார்" என்றால் மூன்றாவது வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஆஸ்திரேலியாவில் உருவானது. தனியாக நேரம் ஒதுக்காமல் அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியைச் செருகிவிடுவது. பல் தேய்க்கும்போது ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்து நிற்பது. அடுப்பில் ஏதாவது கொதிக்கக் காத்திருக்கும்போது, அடுப்பிலிருந்து தள்ளி நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குவது. கீழ் அலமாரியில் இருப்பதை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குவது. கூடத்திலிருந்து அறைக்கு அடி மேல் அடி வைத்தே போவது. வருடத்தில் இரண்டு முறை விழுந்த, அல்லது ஒரு முறை விழுந்து அடிபட்ட, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 317 பேரிடம் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். கேட்டால் உங்கள் அம்மாவைச் சொன்ன மாதிரி இருக்கிறதா? விழுவது 31 சதவீதம் குறைந்தது. முதல் சில வாரம் யாராவது நினைவூட்ட வேண்டும். அப்புறம் பல் துலக்கியே கால்களை ஞாபகப்படுத்திவிடும்.

இரண்டு மாதம் போய், கை தொடாமல் ஒழுங்காக நிற்கிறார் என்றானதும் கவனத்தைப் பிரித்துப் பாருங்கள். அடி மேல் அடி நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு நடக்கட்டும். கண்ணை மூடி நிற்பது கடைசி. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். ஊசலாடும் பலகை, காற்றடித்த பந்து எல்லாம் விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிடாதீர்கள். வீட்டில் தனியாக அதில் ஏறி விழுந்து, பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பலன் எப்போது தெரியும்? நாற்காலியிலிருந்து எழுவது நான்கைந்து வாரத்தில் சுலபமாகும். நிற்கும் தடுமாற்றம் குறைய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நிறுத்தினால் பலனும் கரைந்துவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மூன்று மாதக் கோர்ஸ் முடிந்தது" என்று நிறுத்துகிறவர்கள் அதிகம். வலி பற்றி: மறுநாள் தொடையில் இருக்கும் இதமான வலி சகஜம். மூட்டில் வீக்கம், மார்பில் இறுக்கம், புதிதாகத் தலைசுற்றல் வந்தால் நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள், மறதிநோய் உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் நேரில் ஒரு பிசியோவைப் பார்த்துத் தங்களுக்கென்று வகுத்துக்கொள்ள வேண்டும். முதுகெலும்பு தேய்ந்து ஏற்கெனவே நொறுங்கியவர்கள் முன்பக்கம் குனிந்து விரலைத் தொடுவதெல்லாம் செய்யவே கூடாது.

எழுந்திருக்கக் கற்றுக்கொடுப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விழுந்து அடி ஒன்றும் படாமல், எழமுடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்கள் உண்டு. அந்தக் கிடப்பே உடம்பைக் கெடுத்துவிடும். விரிப்பு போட்டு, அருகில் கனமான நாற்காலி வைத்து, நல்ல நாளிலேயே பழக்குங்கள். முதலில் ஒரு பக்கமாகப் புரள்வது. முழங்கையை ஊன்றுவது. கையும் முழங்காலுமாகத் தவழும் நிலைக்கு வருவது. நாற்காலி வரை தவழ்ந்து, இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, வலுவான காலை முன்னே மடக்கிப் பாதத்தைத் தரையில் பதிப்பது. அங்கிருந்து தள்ளி எழுந்து, திரும்பி உட்காருவது. முதல் நாளே முழுவதும் வராது. கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுத்தால் பயம் குறைவு: முதல் வாரம் நாற்காலியிலிருந்து ஒற்றை முழங்காலில் இறங்கி ஏறுவது மட்டும், அடுத்த வாரம் தவழும் நிலை வரை.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று உண்டு. விழுந்தவர்களைக் கட்டிப்போடுவது அடியைவிடப் பயம்தான். பயந்தவர் சிறு சிறு எட்டாக, தரையையே பார்த்துக்கொண்டு, உடம்பை விறைப்பாக வைத்து நடப்பார். அப்படி நடந்தால் விழத்தான் விழுவார். எழமுடியும் என்று தெரிந்தவருக்குப் பாதி பயம் போய்விடுகிறது. அதனால் அம்மாவிடம் "பார்த்து, பார்த்து" என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லாதீர்கள். அக்கறையாகச் சொல்வது அவர் காதில் "நீ விழப்போகிறாய்" என்றுதான் விழும். "விழாமல் இருக்கப் பயிற்சி செய்யலாம்மா" என்று தொடங்கினாலும் பலர் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கென்ன அவ்வளவு வயதா என்று தோன்றிவிடும். "யார் கையையும் பிடிக்காமல் படியேறணும்னா காலுக்கு வலு வேணும்மா" என்று சொல்லிப் பாருங்கள்.

இன்று சாயங்காலமே நாற்காலிச் சோதனையை எடுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, நீங்களும் கூடவே ஒரு முறை செய்துகாட்டி, 30 நொடியில் வந்த எண்ணிக்கையைத் தேதியோடு காலண்டரில் எழுதிவையுங்கள். அம்மா ஏழு, நீங்கள் பதினைந்து என்று வந்தால் இரண்டையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே நாற்காலி, அதே உயரம், மறுபடி எண்ணுங்கள். உங்கள் எண்ணிக்கை ஏறாமல் அம்மாவுடையது மட்டும் ஏறியிருந்தால் அவரே உங்களிடம் சொல்லிக்காட்டுவார்.